குப்பையின் இரு குணங்கள்

விருந்து முடிந்த கல்யாண வீட்டின் கொல்லைப்புறத்தை ஒரு முறையேனும் நின்று பார்த்தவர்கள், குப்பை என்று நாம் ஒரே சொல்லால் வழங்கிவரும் பொருள் உண்மையில் ஒரே பொருளன்று என்பதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஒரு மூலையில், சாம்பாரும் ரசமும் மோரும் ஒழுகும் எச்சில் இலைகள் மடித்தது மடித்தபடி குவிந்து, ஈ மொய்த்து, மாடுகளின் வருகைக்காகக் காத்துக்கிடக்கும். மற்றொரு மூலையில், பாத்திரங்கள் வந்த அட்டைப் பெட்டிகளும், பந்தியில் விரித்த காகிதச் சுருள்களும், தண்ணீர் பாட்டில்களும், மணமேடை அலங்காரத்திலிருந்து பிய்த்தெறிந்த தெர்மோகோல் துண்டுகளும் காற்றுக்கு அசைந்துகொண்டிருக்கும். முதற்குவியலில் எரியும் தீக்குச்சியைப் போட்டால் குச்சி அணைந்துபோகும்; இரண்டாவதில் போட்டால் பந்தலே எரிந்துபோகும்.

நெருப்புக்குப் பகையான ஈரமும் அதற்கு உறவான உலர்வும் இவ்வாறு தனித்தனியே கிடந்தும், நகரசபை வண்டி வந்தவுடன் இரண்டும் ஒன்றாக வாரப்பட்டு, ஈரமானது உலர்ந்ததை நனைத்து, உலர்ந்தது ஈரத்தை மூடி, இரண்டுமே தத்தம் குணத்தை இழந்துவிடுகின்றன. குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சிகளின் வெற்றி தோல்விகளை ஆராயப் புகுவோர், யந்திரத்தின் நுட்பத்தையும் மூலதனத்தின் அளவையும் பேசுவதற்கு முன்னால், இந்தத் தண்ணீரின் விஷயத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்குத் தக்க உதாரணமாக, பாக்தாத் நகரத்தை அடுத்த அமெரிக்க ராணுவப் பாசறை ஒன்றில் 2008ஆம் ஆண்டுக் கோடையில் இயக்கிப் பார்க்கப்பட்ட, இடம் விட்டு இடம் நகர்த்தக்கூடிய ஒரு குப்பை மின்னாலையின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம்.

பாசறையின் சங்கடம்

அந்நிய தேசத்தில் முகாமிட்டிருக்கும் சேனைக்கு உணவைக் கொண்டுவருவது ஒரு பிரச்சினை என்றால், உண்டதன் மிச்சத்தை அப்புறப்படுத்துவது அதனினும் பெரிய பிரச்சினை. அமெரிக்கச் சிப்பாயின் உணவு, அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த உறையிலும், அட்டைப் பெட்டியிலும், உதறினால் நொறுங்கும் தெர்மோகோல் தட்டிலும் வந்து சேர்வது. அவன் குடிக்கும் தண்ணீரும் பாட்டிலில் வருவது. ஐந்நூறு அறுநூறு பேர் தங்கும் சிறு பாசறையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டன் குப்பை சேர்ந்துவிடும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் இக்குப்பை பெரும்பாலும் திறந்த பள்ளங்களில் கொட்டப்பட்டு, விமான எரிபொருளை ஊற்றி எரிக்கப்பட்டது. பாக்தாதுக்கு வடக்கேயுள்ள பலாத் தளத்தின் எரிகுழி, நாள்தோறும் நூறு டன்னுக்கு மேற்பட்ட குப்பையை விழுங்கிக் கரும்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. அப்புகையைச் சுவாசித்துத் தாய்நாடு திரும்பிய சிப்பாய்களின் நோய்களுக்குச் சிகிச்சையும் உதவித்தொகையும் அளிக்கும் சட்டம், பல்லாண்டு வாதங்களுக்குப் பின், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் நிறைவேறியது.

குப்பையை எரிப்பதற்கு எரிபொருளைச் செலவிட்ட அதே பாசறை, மின்சாரத்திற்காகவும் எரிபொருளையே நம்பியிருந்தது என்பது இந்தச் சங்கடத்தின் மறுபாதி. கூடாரங்களைக் குளிர்விக்கவும், விளக்கெரிக்கவும், வானொலிக் கருவிகளை இயக்கவும் இரவு பகலாக ஓடிய ஜெனரேட்டர்களுக்கு வேண்டிய டீசல், நூற்றுக்கணக்கான மைல் தூரம் லாரி வரிசைகளில் வந்தது. அவ்வரிசைகளோ, வழியில் புதைத்துவைத்த வெடிகளுக்கு எளிதான இலக்காயின. அமெரிக்கத் தரைப்படையைச் சேர்ந்த சுற்றுச்சூழல் கொள்கை நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, ஆப்கானிஸ்தானத்தில் ஏறத்தாழ 24 எரிபொருள் வரிசைகளுக்கு ஒருவர் வீதம் உயிரிழக்கவோ காயமடையவோ நேர்ந்தது. எனவே, பாசறை வாயிலில் வந்திறங்கும் ஒரு லிட்டர் டீசலின் உண்மையான விலை, எண்ணெய்க் கம்பெனியின் ரசீதில் காணப்படும் தொகையன்று. மற்ற இடங்களில் லாபக் கணக்குக்குக் கட்டாத ஒரு யந்திரம் போர்க்களத்தில் கட்டும் என்று விஞ்ஞானிகள் நம்பியதற்கு இதுவே காரணம்.

இந்தியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில், பயிர்க் கழிவுகளிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆராய்ச்சியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த மைக்கேல் லாடிஷ் முதலிய பேராசிரியர்களும், மேரிலாண்டிலுள்ள ராணுவத்தின் எட்ஜ்வுட் ஆய்வு நிலையத்தாரும், ஒரு தனியார் நிறுவனத்தாரும் கூடி இந்த யந்திரத்தை உருவாக்கினார்கள். ‘போர்க்களக் குப்பை எரிசக்தி ஆலை’ என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி டி.ஜி.இ.ஆர். என்று வழங்கினார்கள். வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லும் சிறு லாரியளவே இருந்த அதன் நடுநாயகமாக விளங்கியது 60 கிலோவாட் சக்தியுள்ள சாதாரண டீசல் ஜெனரேட்டர். அதிசயமெல்லாம் அந்த ஜெனரேட்டருக்கு ஊட்டப்பட்ட ஆகாரத்தில்தான் இருந்தது.

ஈரத்தின் கணக்கு

அந்த ஆகாரத்தை விவரிக்குமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். நம் சமையலறையிலிருந்து வெளியேறும் ஒரு கிலோ உணவுக் கழிவில் ஏறத்தாழ 800 கிராம் தண்ணீர். மீதி 200 கிராமே எரியக்கூடிய பொருள். அதை முற்றிலும் உலர்த்தி எரித்தால் சுமார் 860 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். அது ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஒப்பான வெப்பமாகும். ஆனால் அந்த 800 கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்கி வெளியேற்றுவதற்கு மட்டும் 490 கிலோகலோரி வேண்டும். வரவில் பாதிக்கு மேல் வாசலிலேயே பறிபோன பின், எஞ்சியதையும் புகைபோக்கி வழியே செல்லும் சூடான காற்றும் கலனின் சுவர்களும் பங்கிட்டுக்கொள்ள, மின்சாரமாக மாறுவதற்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இந்தக் கணக்கை மறந்ததன் பலனை நம் தேசத்தின் தலைநகரமே அனுபவித்திருக்கிறது. டெல்லியில் திமார்பூர் என்ற இடத்தில், டென்மார்க் தொழில்நுட்பத்தின் துணையுடன், நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் ஆலை ஒன்று 1987இல் அமைக்கப்பட்டது. ஒரு கிலோ குப்பை 1,400 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் என்ற எதிர்பார்ப்பில் கட்டப்பட்ட அந்த ஆலைக்கு வந்து சேர்ந்த குப்பையோ, அதில் பாதியளவுகூடத் தரவில்லை. காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்குவோர் வீதியிலேயே எடுத்துக்கொண்டுவிட, காய்கறித் தோலும் மண்ணும் தூசியும் மட்டுமே உலைக்குப் போயின. ஏறத்தாழ மூன்று வாரச் சோதனை ஓட்டத்தோடு ஆலை நின்றுவிட்டது. யந்திரத்தில் பழுதில்லை, ஐரோப்பியக் குப்பைக்கென்று செய்த உலையில் இந்தியக் குப்பையைப் போட்டார்கள் என்பதே நிகழ்ந்த பிழை.

உலர்ந்ததற்கு நெருப்பு

டி.ஜி.இ.ஆர். யந்திரத்தை வகுத்தவர்கள் இப்பிழைக்கு இடம் வைக்கவில்லை. குப்பையை முதலில் இரண்டாகப் பிரித்து, உலர்ந்ததை நெருப்புக்கும் ஈரமானதை நுண்ணுயிருக்கும் ஒப்படைத்து, இரண்டு வழியிலும் பிறக்கும் எரிபொருளை ஒரே எஞ்சினில் சேர்த்துவைத்ததே அவர்கள் செய்த நூதனம்.

அட்டை, காகிதம், பிளாஸ்டிக், தெர்மோகோல் ஆகிய உலர் பொருள்கள் முதலில் துண்டு துண்டாக அரைக்கப்பட்டு, மாட்டுத் தீவன ஆலைகளில் தீவனத்தைத் துளைகளின் வழியே அழுத்தி எடுப்பதுபோல், சிறு சிறு உருளைகளாக அழுத்தப்படுகின்றன. இவ்வுருளைகள் ஒரு நெடுங்கலனில் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. அக்கலனின் இடையில் நெருப்பு உண்டு. ஆயின் அந்நெருப்புக்கு வயிறார உண்ணுமளவு காற்று கொடுப்பதில்லை. அரைப்பட்டினியாக வைக்கப்பட்ட அந்த நெருப்பின் வெப்பத்தில் மேலேயுள்ள உருளைகள் உலர்ந்து, கருகி, ஆவிகளை விட, அவ்வாவிகள் ஆயிரம் டிகிரியையொட்டிய செந்தணலினூடே இழுக்கப்படுகையில் அவற்றிலுள்ள தார் பெரும்பாலும் உடைந்துபோகிறது. அடியிலுள்ள கரியோ, எரிந்து முடிந்த கரியமில வாயுவையும் நீராவியையும் மீண்டும் எரியத்தக்க கார்பன் மோனாக்ஸைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றிவிடுகிறது. இவ்வாறு பிறக்கும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துகிறார்கள்.

இது புதிய ரகசியமன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமற்போகவே, சென்னை ராஜதானியின் சாலைகளில் ஓடிய ‘கரி பஸ்’ஸை நினைவிலுடைய பெரியவர்களின் வாய்மொழியைக் கேட்டவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும். வண்டியின் பின்புறத்தில் தொத்திக்கொண்டிருந்த இரும்புப் பீப்பாயில் கரியைக் கொட்டி, புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கிளீனர் விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தணலை ஊதி, வாயு பிறந்தபின் எஞ்சினை உயிர்ப்பிப்பான். மேட்டுப் பாதை வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அந்தப் பலவீனத்திற்குக் காரணம் வண்டியின் முதுமை மட்டுமன்று. கலனுக்குள் செலுத்தும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு எரியாத நைட்ரஜனாகையால், பிறக்கும் வாயுவிலும் பாதி நைட்ரஜனே. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு தரும் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கையே இது தரும். யுத்தத்தின் உச்சத்தில் உலகெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் வாகனங்கள் இந்த மெலிந்த வாயுவைக் குடித்தே ஓடின என்று கணக்கிடுகிறார்கள்; பெட்ரோல் திரும்பக் கிடைத்த மாத்திரத்தில் அத்தனை பேரும் பீப்பாய்களைக் கழற்றி எறிந்தார்கள்.

டீசல் எஞ்சினில் இவ்வாயுவைப் பயன்படுத்துவதில் மற்றொரு நுட்பமும் உண்டு. டீசல், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே தானாகத் தீப்பற்றக்கூடியது. இவ்வாயு அவ்வாறு பற்றாது. ஆகவே, காற்றோடு வாயுவைக் கலந்து உள்ளே இழுத்து, சிறிதளவு டீசலைத் தெளித்துத் திரியேற்ற வேண்டும். டீசலின் தேவையை முக்கால் பங்குக்கு மேலும் குறைக்கலாம். அறவே ஒழிக்க இயலாது.

ஈரமானதற்கு நுண்ணுயிர்

உணவுக் கழிவின் கதை வேறு. நெருப்புக்கு எதிரியான அந்தத் தண்ணீர்தான் நுண்ணுயிர்களுக்கு உயிர். சோற்றிலும் ரொட்டியிலும் உருளைக்கிழங்கிலும் உள்ள மாவுப்பொருளை என்சைம்களைக் கொண்டு சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையை ஈஸ்டுக்குக் கொடுத்து எத்தனாலாக்கி, வாலையில் வடித்து, நீர் முழுதும் நீங்காத நிலையிலேயே ஆவியாக்கி எஞ்சினின் காற்றோடு கலந்துவிடுவது இந்த யந்திரத்தின் இரண்டாவது வழி. வாலைக்கு வேண்டிய சூடு வேறெங்கிருந்தும் வரவேண்டியதில்லை. எஞ்சின் வீணே வெளியேற்றும் வெப்பம் அங்கேயே இருக்கிறது.

உணவுக் கழிவை மின்சாரமாக்க நம் நாட்டார் அறிந்த வழி சாண எரிவாயு. பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897ஆம் ஆண்டிலேயே கழிவிலிருந்து பிறந்த வாயுவைக் கொண்டு விளக்கேற்றினார்கள் என்பது வரலாறு. அங்ஙனமிருக்க, அமெரிக்க விஞ்ஞானிகள் அவ்வழியை விட்டு எத்தனாலை நாடியதேன்? இதற்கு விடை காலத்தில் இருக்கிறது. மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனில்லாத இருளில் மெதுவாக வளர்பவை. இன்று போட்ட கழிவு முற்றும் செரிப்பதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகும். நாள்தோறும் அரை டன் கழிவை அதே எடைத் தண்ணீரில் கரைத்துப் போட்டு, இருபத்தைந்து நாள் உள்ளே வைத்திருக்க வேண்டுமானால், தொட்டியில் எப்போதும் 25 டன் கரைசல் நின்றுகொண்டே இருக்கும். செரிமானத்திற்கு ஆகும் காலம் முழுவதும் இவ்வாறு பாரமாக மாறித் தொட்டியில் தங்கிவிடுகிறது. ஈஸ்டோ இரண்டு மூன்று நாட்களில் தன் வேலையை முடித்துவிடும். சேனையோடு பெயர்ந்து செல்ல வேண்டிய ஒரு யந்திரம், சாண எரிவாயுவைத் துறந்ததன் ரகசியம் இதுவே. பெயர வேண்டாத கிராமத்திற்கும் மாணவர் விடுதிக்கும் சந்தைக்கும் இந்த நிர்ப்பந்தம் இல்லை என்பதையும் இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வரவும் செலவும்

2006ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த முதல் சோதனையில், இந்த யந்திரம் தான் செலவிட்ட சக்தியைவிட ஏறத்தாழ 90 சதவிகிதம் அதிகமான சக்தியை உற்பத்தி செய்தது என்று பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டு அறிவித்தது. மேலெழுந்தவாரியாகப் படிப்போருக்கு அற்புதமாகத் தோன்றும் இந்தச் செய்தியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பத்துப் பங்கு செலவிட்டுப் பத்தொன்பது பங்கு பெற்றார்கள் என்பதே இதன் பொருள். அதாவது, பிறந்த சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, அரைக்கவும் அழுத்தவும் சூடாக்கவும் யந்திரத்தின் வயிற்றுக்கே திரும்பிப் போய்விட்டது. குப்பை, நிலக்கரியைப்போல் ஆயத்தமாகக் கிடைக்கும் எரிபொருளன்று. அதை எரிபொருளாக்குவதற்கே எரிபொருள் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். உலர்ந்த காகிதம் ஒரு கிலோவில் சுமார் 3,800 கிலோகலோரி உண்டு. வாயுவாகும்போது அதில் எழுபது சதவிகிதமும், எஞ்சினும் ஜெனரேட்டரும் சேர்ந்து மாற்றும்போது அதில் கால் பங்கும் தேறினால், கைக்கு வருவது ஏறத்தாழ முக்கால் யூனிட் மின்சாரம். ஒரு கிலோ உணவுக் கழிவோ, சாண எரிவாயு வழியாகச் சென்றால் சுமார் 100 லிட்டர் வாயுவையும், அதிலிருந்து ஆறில் ஒரு பங்கு யூனிட்டையும் தரும். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கொன்றைப் பதினெட்டு மணி நேரம் எரிக்க அது போதும். ஓர் இட்லி மாவு கிரைண்டரை ஒரு மணி நேரம் ஓட்டினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். குப்பையால் ஊருக்கே மின்சாரம் என்று மேடையில் பேசுவோர் இந்தச் சிறு எண்களை ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது.

2008ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை, நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும் பாக்தாதின் வெயிலில், விக்டரி என்ற அந்தப் பாசறையில் இரண்டு மாதிரி யந்திரங்கள் சோதிக்கப்பட்டன. முப்பது பங்கு குப்பை ஒரு பங்கு சாம்பலாகச் சுருங்கும் என்பது அவற்றை வகுத்தவர்களின் திட்டம். எரிகுழிப் புகையை எண்ணிப் பார்க்கையில், மின்சாரத்தினும் இது பெரிய லாபம். ஆயினும் அந்த யந்திரம் பாசறைகளின் வழக்கமான தளவாடமாகப் பரவவில்லை. அரைவை, அழுத்தம், வாயுக்கலன், நொதித்தொட்டி, வாலை, எஞ்சின் என்று ஒன்றையொன்று நம்பி நிற்கும் இத்தனை உறுப்புகளில் எது நின்றாலும் வழி அடைபட்டுப்போகும். அத்துடன், இன்று அட்டையும் நாளை பிளாஸ்டிக்கும் மறுநாள் பாட்டரி கலந்த குப்பையும் வந்து விழுவதை எந்தக் கலனும் நிம்மதியாகப் பொறுத்துக்கொள்வதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக் உள்ளே போய்விட்டால், அதிலுள்ள குளோரின் இரும்பை அரிப்பதோடு நச்சு வாயுக்களுக்கும் வழிவகுக்கும்.

இதே தத்துவத்தில் பிழைத்து நிற்கும் சிறு யந்திரங்களைக் கவனித்தால் இந்த உண்மை தெளிவாகும். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்து ஆல் பவர் லேப்ஸ் என்ற நிறுவனம், ஒரு மரப்பலகை மேடையில் அடங்கிவிடும் 20 கிலோவாட் அளவிலான வாயு ஜெனரேட்டரைச் செய்து விற்றது. ஆனால் அது கேட்கும் ஆகாரம் மரச்சில்லு, அக்ரூட் கொட்டை ஓடு போன்றவைதான். பீகாரில் தம்குஹா கிராமத்தில் 2007இல் விளக்கேற்றிய ஹஸ்க் பவர் நிறுவனம் தேர்ந்தெடுத்தது நெல் உமியை. ஒரே அளவும் ஒரே உலர்வும் உள்ள தீனியைத்தான் வாயுக்கலன் விரும்புகிறது.

நம் தொட்டிகள்

சென்னையில் கோயம்பேடு மார்க்கெட்டின் காய், கனி, பூக் கழிவுகளில் நாளொன்றுக்கு 30 டன்னைச் செரித்து மின்சாரமாக்கும் நோக்கத்துடன் நிலையம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. சந்தையிலிருந்து வருவது பெரும்பாலும் ஈரக் கழிவே ஆகையால் அங்கே நுண்ணுயிரைத் துணைக்கழைத்தது முறையே. செரித்தபின் எஞ்சும் கரைசலில் பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் தங்கிவிடுவதால் அது மீண்டும் வயலுக்குப் போகலாம். நெருப்பின் வழியில் அந்த நைட்ரஜன் புகையோடு போய்விடும். சந்தை நகர்வதில்லை, ஆகவே தொட்டி கனமாயிருப்பதில் குற்றமில்லை. போர்க்களத்திற்கென்று செய்த நகரும் யந்திரத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்யாமல், அதன் பிரிவினையை மட்டும் கடன் வாங்கிக்கொள்வதே நமக்குத் தகும்.

அப்பிரிவினையை நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளுக்குப் பிறகு, வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ‘மக்கும் குப்பை’ என்றும் ‘மக்காத குப்பை’ என்றும் எழுதிய தொட்டிகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. எருக்குழியை மனத்தில் கொண்டு செய்த இந்தப் பகுப்பு, எருவுக்குச் சரியானது. மின்சாரத்துக்கோ, பொருள் மக்குமா என்பதைவிட அதில் தண்ணீர் எவ்வளவு என்பதே முதற்கேள்வி.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காலையில் சட்னிக்குத் துருவி முடித்த கொட்டாங்கச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இரு தொட்டிகளுக்கு முன் நின்றால் போதும். மண்ணில் விழுந்தது என்றேனும் மக்கத்தான் மக்கும். ஆகையால் மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போடுகிறோம். அங்கிருந்து செரிமானத் தொட்டிக்குப் போனால், அதன் கெட்டித்தன்மைக்குக் காரணமான லிக்னின் என்ற பொருளை இருளில் வாழும் நுண்ணுயிர்கள் தொடமாட்டா. வாரக்கணக்கில் கிடந்தும் போனபடியே திரும்பி வந்து, வழியில் பம்பையும் அடைக்கும். அதே கொட்டாங்கச்சியை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நொறுக்கி வாயுக்கலனில் போட்டால், அதனினும் நல்ல தீனி கிடைப்பது அரிது. தென்னை ஓலையும், மட்டையும், பந்தியில் விரித்த காகிதமும், பழக்கடை அட்டைப் பெட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. எச்சில் இலையும் பழத்தோலும் மிஞ்சிய சோறும் மற்ற இனம். கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் இவ்விரண்டும் யாரும் சொல்லாமலே தனித்தனி மூலையில்தான் கிடந்தன. நகரசபை வண்டியில் ஏறும்போதும் அவை அவ்வாறே ஏறினால், பாக்தாதில் அத்தனை பொருட்செலவில் செய்து பார்த்த காரியத்தின் முதற்பாதி, இங்கே செலவின்றி முடிந்துவிடும்.